நான் படிக்காமல் விட்ட வரி

கொரோனா இரண்டாவது அலையின்போது நடந்தது. ஆரணியில் நான் பட்டுநூல் கொடுத்துச் சேலை நெய்ய வைக்கிறவன். என் தறிக்காரர் குமார் ஒருநாள் கேட்டார்: "அண்ணா, ஊசி போட்டுக்கலாம்னு கீறேன். நெட்ல இன்னா போட்டுகீறாங்க, கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

அரசாங்கச் சுகாதார இணையதளத்தைப் போனில் திறந்தேன். ஊசி போட்ட கை வலிக்கலாம் என்றிருந்ததைப் படித்துக்காட்டினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். தறியில் முகூர்த்தச் சேலை பாதியில் இருந்தது. நான் ஊசி போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது; என் கைவலி போயே போய்விட்டிருந்தது.

"கை வலிச்சா எப்படிண்ணா நெய்யறது? சேலைய முடிச்சிட்டு போட்டுக்கறேன்" என்றார் குமார்.

முடித்தும் கொடுத்தார். மறுவாரமே காய்ச்சல், மூச்சுத்திணறல். வேலூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவே இல்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி அழுதபடி சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தாண்ணா படிச்சு சொன்னீங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு வந்துவிட்டேன்.

அந்த வலி ஓரிரு நாளில் போய்விடும் என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. அதை இன்றுவரை அந்த அம்மாவிடம் நான் படித்துக்காட்டவில்லை.