அறுபது வயதுக்காரிகள்

அவளை எல்லோரும் "சிமிட்டாதக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். கண் மருத்துவமனையின் அளவெடுக்கும் அறையில் பதினோரு வருடமாக அவள் அதிகம் சொன்ன வார்த்தை அது. தாடையைத் தாங்கியில் வை, நெற்றியைப் பட்டையில் முட்டு, சிவப்பு விளக்கைப் பார், சிமிட்டாதே. கண்ணின் நீளம் திரையில் வந்துவிடும்: 22.84. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை கச்சிதம்.

பெண்களின் கண் ஆண்களின் கண்ணைவிட அரை மில்லிமீட்டர் குட்டை என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். வயதோடு கண்ணின் நீளம் எப்படி மாறுகிறது என்று இந்த ஊருக்கு ஒரு பட்டியல் போடப் பெரிய டாக்டர் கிளம்பியபோது, மூன்று மாதம் மாய்ந்து மாய்ந்து இருநூறு பெண்களை அளந்தாள்.

இன்று தாள்கள் கட்டோடு திரும்பி வந்துவிட்டன.

"என்னம்மா இது? அறுபது, அறுபது, எழுபது, மறுபடி அறுபது. நடுவுல யாரும் பொறக்கவே இல்லையா?" என்றார் டாக்டர். "வெள்ளிக்குள்ள சரியான வயசு வரலேன்னா ஆம்பளைங்க பட்டியல் மட்டும்தான் அச்சுக்குப் போகும்."

"அவங்க சொன்னதைத்தானே சார் எழுத முடியும்?"

"இவர் எழுதலையா?" ஆண்களை அளந்த பக்கத்து மேசைக்காரரைக் காட்டினார். அந்தத் தாள்களில் ஐம்பத்தேழு, அறுபத்துமூன்று, அறுபத்தெட்டு என்று வயது அழகாகச் சிதறிக் கிடந்தது.

டாக்டர் போனதும் மேசைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "அட போக்கா. என்கிட்டயும் அறுபதுன்னுதான் சொன்னானுங்க. நான்தான் ஒண்ணைக் கூட்டி, ரெண்டைக் குறைச்சு... கண்ணு அளவு நெஜம்தானே? விடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கண்ணையும் மூன்று முறை அளந்தவள் அவள். பேனாவைத் திறந்தாள். முதல் தாளில் 60. பூஜ்யத்தின் நடுவில் ஒரு இழுப்பு இழுத்தால் 68 ஆகிவிடும். மூடிவிட்டாள்.

தாள்கட்டோடு வெளியே வந்தாள். பெஞ்சில், மறு பரிசோதனைக்கு வந்தவர்களோடு, அந்த முதல் தாளுக்குரிய அம்மாவே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உங்க வயசு சரியா எவ்வளவு?"

"அன்னிக்கே சொன்னேனே. அறுபது."

"மூத்த பிள்ளைக்கு?"

"நாப்பது."

"அது பொறந்தப்ப உங்களுக்கு?"

"இருபது."

"அடையாள அட்டை இருக்கா?"

"அதை எழுதினவனும் உன்னை மாதிரிதான் கேட்டான். அப்ப அம்பதுன்னேன்."

பெஞ்சே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று 60-ஐ அடித்தாள். பக்கத்தில் "தெரியாது" என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை எந்தப் பட்டியல் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த தாளை எடுத்தாள். 70.