எக்ஸ்பிரஸ் ஓடிவந்த ஞாயிற்றுக்கிழமை

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் அரசியல் பேசிச் சண்டை போட்டவர்கள் குறைவு. ஃபுட்பால் பேசிச் சண்டை போட்டவர்கள்தான் அதிகம். அதிலும் எந்த கோச் நல்ல கோச் என்று ஆரம்பித்துவிட்டால், தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது.

எங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுபவர். இளவயதில் கோலுக்கு முன்னால் நின்று மறிக்கும் பேக்காக ஆடியவர். இன்னொருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. தாய் தகப்பன் போனபிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை அவருடைய ஆட்டத்தைப் பார்த்துத் தற்காலிகமாக வேலை கொடுத்திருந்தது. பகலில் பட்டறை, மாலையில் தொழிற்சாலை அணிக்கு பேக். அந்த வருஷம் அணி கோப்பையின் கடைசி ஆட்டத்துக்குப் போய்விட்டால் வேலை நிரந்தரமாகும் என்று மேனேஜர் வாயால் சொன்னதாக மாமா சொன்னார். அன்றிலிருந்து அம்மா புதன்கிழமை தவறாமல் கோயிலுக்கு மெழுகுவத்தி கொண்டுபோனாள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய அரையிறுதியில் எக்ஸ்பிரஸ்தான் குறுக்கே நின்றான். பெரம்பூர்ப் பக்கத்து அணியின் ஹாஃப். அவன் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அவன் எக்ஸ்பிரஸ்தான். ஹாஃப் என்றால் நடுவில் நின்று பந்தை வாங்கி முன்னால் நிற்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இவனும் கொடுக்கப்போகிற மாதிரி காலைத் தூக்குவான். எதிரே இருப்பவர்கள் பந்து போகப்போகிற பக்கம் திரும்புவார்கள். அதற்குள் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு நடுவில் ஓடிவிடுவான். அந்த வருஷம் அவனை நிறுத்திய பேக் ஒருவரும் இல்லை.

அவனை எப்படி நிறுத்துவது என்பதில்தான் வீடு இரண்டானது. மாமாவின் அணிக்கு வெகுகாலமாக இருந்த பழைய கோச், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுபவர், நைனாவுக்கும் கோச்சாக இருந்தவர். ஓடுகிறவனை முதல் மூச்சிலேயே மறிக்க வேண்டும், எதிரே பாய்ந்து பந்தில் காலை வைத்துவிட வேண்டும் என்பது அவர் பாடம். அந்த வருஷம் அவரை அனுப்பிவிட்டு ராணுவத்திலிருந்து வந்த ஒரு புது கோச்சை வைத்திருந்தார்கள். பந்தைப் பார்க்காதே, அவன் இடுப்பைப் பார், காலை வைக்காமல் பின்னாலேயே போய் அவனைக் கோட்டுப் பக்கம் ஒதுக்கு என்பது இவர் பாடம்.

"பின்னாலயே போறதுக்குப் பேரு ஆட்டமாடா? அவன் கோல் போட்டுட்டு வந்து உன் தோள் மேல கையப் போடுவான்" என்பார் நைனா.

"பெரியவரு சொல்லிக்குடுத்த மாதிரி பாஞ்சவன்லாம் இந்த வருஷம் மண்ணக் கவ்விகினுதான் கீறான் மச்சான்" என்பார் மாமா.

இதுவரைக்கும் தினசரி நடக்கிற பேச்சுதான். சோறு ஆறும் என்று அம்மா அதட்டினால் இருவரும் அடங்கிவிடுவார்கள். அதைக் கெடுத்தவள் நான்.

ஒரு மாலை மாமா தன் சிநேகிதரோடு சந்துமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். "மச்சானுக்கு ஃபுட்பால் இன்னா தெரியும், வின்ச்சு இழுக்கத்தான் தெரியும்" என்று மாமா சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு நல்ல வேடிக்கையை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மாமாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. நைனா கையை உதறிவிட்டு எழுந்தார்.

"அந்த மிலிட்டரிக்காரன் பேச்சக் கேட்டு ஆடறவனுக்கு இந்த வூட்டுல சோறு கெடையாது."

மாமா தட்டை நகர்த்தினார். கையைக் கழுவினார். பூட்ஸை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அம்மா கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் அம்மா நைனாவோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்துவாள், அவ்வளவுதான். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மாமா தோற்றால் அவர் வேலை என்னால்தான் போகும் என்று நிச்சயமாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீ கணக்குக் கேட்டால் எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அந்த ஆட்டத்தைப் பார்க்கத் தனக்கொன்றும் தலையெழுத்தில்லை என்று நைனா சுவரைப் பார்த்து அறிவித்தார். மூன்று மணிக்கு, எனக்குச் செருப்பு வாங்கப் போவதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். செருப்புக் கடை இருந்த தெருவை பஸ் தாண்டிப் போனது.  திருவொற்றியூரில், ஆட்டம் நடக்கிற மைதானத்தருகே இறங்கினோம்.

மைதானத்தைச் சுற்றிலும் ஆள். நைனா தெரிந்த முகங்கள் இருந்த பக்கத்தை விட்டு, கோலுக்குப் பின்னால் ஒரு மூலைக்குப் போனார். துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். அந்த முக்காட்டைப் பார்த்துத்தான் நாலு பேர் திரும்பினார்கள். அங்கே நின்றவர்களில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

முதல் பாதியில் ஒரு கார்னரில் எங்கள் அணி கோல் போட்டது. நைனா கை தட்டவில்லை. இரண்டாம் பாதியில் பக்கம் மாறியதால், மாமா நாங்கள் நின்ற பக்கத்து கோலுக்கு முன்னால் பேக் நிற்க வந்தார். அப்போதுதான் எக்ஸ்பிரஸை அருகில் பார்த்தேன். ஒல்லியாக, என் பள்ளிக்கூட வாட்ச்மேன் மாதிரி சாதுவான முகத்தோடு இருந்தான். பந்து காலுக்கு வந்ததும் வேறு ஆளாகிவிட்டான்.

அவன் ஓடிவந்தான். மாமா பாயவில்லை. அவனைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். கூட்டம் ஊளையிட்டது. "இன்னாடா, வழி காட்டினு போறியா?" என்று யாரோ கத்த, சுற்றிலும் சிரிப்பு. நைனா பல்லைக் கடித்துக்கொண்டு, "வைடா கால, வைடா" என்று முனகினார். மாமா வைக்கவில்லை. நகர்ந்து நகர்ந்து, எக்ஸ்பிரஸுக்கு ஓரத்தில் மட்டும் இடம் விட்டார். அவன் அந்த இடத்தில் ஓடி, கோட்டருகே போய், திரும்ப வழியில்லாமல் பந்தை வெளியே அடித்தான். அடுத்த தடவையும் அப்படியே ஆனது. மூன்றாம் தடவை கூட்டம் சிரிக்கவில்லை. நைனாவின் முனகலும் நின்றிருந்தது.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள்தான் இருந்தன. எங்கள் ஆள் ஒருவன் வழுக்கி விழ, பந்து எக்ஸ்பிரஸிடம் போனது. நடுமைதானம் காலி. அவனுக்கும் எங்கள் கோல்கீப்பருக்கும் நடுவில் மாமா ஒருவர்தான். இந்தத் தடவை ஒதுக்க ஓரமும் இல்லை, நேர் நடுவில் வந்தான். மாமாவின் உடம்பு முன்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். வலது கால் எழும்பியது.

"வெக்காத! டேய், கால வெக்காத! பின்னால போ! பின்னால போடா கண்ணு!"

என் காதருகேயே வந்தது அந்தக் குரல். துண்டு கீழே விழுந்து கிடந்தது. நைனா எல்லையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் பாதி சாய்ந்திருந்தார்.

மாமாவின் கால் தரைக்கு வந்தது. பின்னால் போனார். இன்னும் இரண்டடி, இன்னும் இரண்டடி. மாமா பாய்வார் என்று காத்திருந்த எக்ஸ்பிரஸ், அவர் பாயாததால் பந்தை ஒரு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டான். கோல்கீப்பர் விழுந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினார்கள். எங்கள் அணி கடைசி ஆட்டத்துக்குப் போய்விட்டது.

நைனா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் துண்டை எடுத்து உதறிக் கொடுத்தேன். முகத்தை நெடுநேரம் துடைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றாள். ஐந்து நாளைக்குப் பிறகு நைனாவிடம் பேசினாள்.

"செருப்பு எங்க?"

"கடை மூடிட்டான்" என்றார் நைனா. அம்மா என் காலில் இருந்த செம்மண்ணைப் பார்த்துவிட்டு, வாயை முந்தானையால் மூடிச் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா வந்தார். அம்மா முதலில் அவர் முதுகில் இரண்டு வைத்தாள், பிறகு அழுதாள். நைனா மாமாவைப் பார்க்காமல், "அவனுக்குச் சோத்தப் போடு" என்றார்.  அன்றைக்கு நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கை காய்வதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர் அந்தக் காலத்திலேயே இதைத்தான் சொன்னார், இவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றார் நைனா. மாமா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார்.

"மச்சான், நெசத்தச் சொல்றேன். கடைசில நான் கால வெக்கத்தான் போனேன். கோச்சு சொன்னதுலாம் மறந்துபூட்ச்சு. எவனோ ஒர்த்தன் கோலுக்குப் பின்னாலருந்து கத்துனான் பாரு, வெக்காதன்னு. அத்தக் கேட்டுத்தான் நின்னேன். நம்ம கோச்சோட ஆளு போல."

"யார்ரா அவன்? நானும் அங்கதான நின்னேன், எனக்குக் கேக்கலியே" என்றார் நைனா. ஆட்டத்துக்குப் போனதை ஒப்புக்கொண்டுவிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. ஆனால் அந்த வாரம் நான் பேசியது போதும் என்று தோன்றியது. தட்டைக் கழுவப் போய்விட்டேன். நைனா எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார் என்று குழாயடியில் நின்று வியந்தேன். பழைய கோச்சை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மறைக்கிறார் என்று நினைத்து, அந்த ரகசியத்தைப் பல வருஷம் பெருமையாகக் காப்பாற்றினேன்.

அவர் எதையும் மறைக்கவில்லை, தான் கத்தியது அவருக்கே தெரியாது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.