பழைய விண்டோஸும் பக்கத்து மேசைப் பிரதீபனும்

மடிக்கணினி திருத்தும் தொழிலில் பாதி நாளைக் கணினி தின்னும், மீதியை அதைக் கொண்டுவருபவர் தின்பார். புதிய விண்டோஸை அழித்துவிட்டுப் பழையதைத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் கறுத்த திரைக்கு முன்னால் ஆறிப்போன தேத்தண்ணியோடு இருந்திருப்பீர்கள். ஒரே வித்தியாசம், உங்களுக்குப் பக்கத்து மேசையில் பிரதீபன் இருந்திருக்க மாட்டான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, மாடியில் எங்கள் கடை. பிரதீபனும் நானும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்து, ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் முன்னால் நின்று வருபவர்களோடு கதைப்பான், நான் பின்னால் இருந்து திருத்துவேன். இந்த வருடம் அச்சுவேலியில் கிளை திறக்கப்போவதாகவும், எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் பொறுப்பு என்றும் முதலாளி சொன்னார். அச்சுவேலி என் ஊர். அந்தக் கடை எனக்கு வேண்டும் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மேசையை எந்தப் பக்கம் போடுவது என்று மட்டும் தீர்மானித்து வைத்திருந்தேன்.

நீலத் துளை

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் சாதகம் கணிப்பவர். அவருடைய மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். பென்ட்ரைவைச் செருகி ஆரம்பித்தால், பாதி வழியில் "ட்ரைவர் இல்லை" என்று சொல்லி நின்றுவிட்டது. எந்தப் பாகத்தை இயக்கும் ட்ரைவர் என்று சொல்லாது. மூன்று பென்ட்ரைவ் மாற்றினேன். இரண்டு மணித்தியாலம் போனது. வாத்தியார் கதிரையில் இருந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சோதனை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்பவர் போல.

பிறகுதான் கவனித்தேன், பென்ட்ரைவ் நீலத் துளையில் இருந்தது. அந்த வேகமான துளையைப் பழைய விண்டோஸுக்குத் தெரியாது. என் கை இரண்டும் வேறொரு கணினியின் ஆணிகளோடு இருந்ததால், "பிரதீபன், அதைக் கறுப்புத் துளையிலை போட்டுப் பாரும்" என்றேன். என் குரல் எனக்கே அரைவாசிதான் கேட்கும். அவன் மாற்றிச் செருகினான், வேலை தொடங்கியது. நீலம், கறுப்பு விளக்கத்தை அவன் வாத்தியாருக்கு உரத்த குரலில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். வாத்தியார் எழும்பி அவன் தோளில் தட்டினார்.

"தம்பியின்ரை கை பட்டாத்தான் சரிவருமெண்டு நான் அப்பவே நினைச்சனான். சனி விலகினமாதிரிக் கிடக்கு."

நான்காவது ட்ரைவர்

கொழும்புத்துறையில் இருந்து வந்த அம்மா ஒருவர், தேவாலயத்தின் ஞாயிறு ஆராதனைத் தாளைத் தட்டச்சு செய்பவர். விண்டோஸ் ஒழுங்காக ஏறியது, இணையம் மட்டும் வரவில்லை. இணையத்துக்கான ட்ரைவர் இணையத்தில் இருந்தது. வீட்டைப் பூட்டித் திறப்பை உள்ளே விட்டுவிட்டு வந்த நிலை. உங்களில் பலர் அந்த வாசலில் நின்றிருப்பீர்கள். வேறு கணினியில் தேடி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டேன். நான்காவதுதான் பொருந்தியது. மத்தியானச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

அடுத்த நாள் அம்மா கேக் கொண்டுவந்தார். வீட்டில் அடித்த கேக், முந்திரிப்பருப்பு மேலே தெரிந்தது. பொதி நேராகப் பிரதீபனின் கைக்குப் போனது. "நீரும் எடுமன்" என்று அவன் நீட்டினான். பசியில்லை என்றேன். அது பொய். அப்போதுதான் அம்மாவின் கண் என்னில் பட்டது.

"பிள்ளை, நீர்தான் பில் எழுதுறனீரோ? எழுத்து நல்ல வடிவு."

கரவெட்டிக் கல்வெட்டு

செத்த வீட்டு முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். கரவெட்டியில் அதைப் பக்கம் பக்கமாக வடிவமைக்கும் அண்ணை ஒருவரின் மென்பொருள், புதிய விண்டோஸில் பத்து நிமிடத்துக்கு ஒருக்காத் தானாகவே மூடிக்கொள்ளும். பழையதைப் போடச் சொல்லிப் பிரதீபனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அழிப்பதற்கு முன் எது எங்கே இருக்கிறது என்று உரியவரைக் கேட்டு அட்டையில் எழுதவேண்டும் என்பது கடையின் ஒழுங்கு. கேட்பது எப்போதும் பிரதீபன்தான். அன்று அவன் அட்டையில் கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டு, மீதியைப் பிறகு கேட்கலாம் என்று சாப்பிடப் போயிருந்தான். வருவதற்கிடையில் முடித்துக் காட்டவேண்டும் என்று எனக்கொரு வெறி. அந்த அண்ணைக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். தெரியாத ஆளோடு தொலைபேசியில் கதைப்பதை நினைக்கவே எனக்கு வியர்க்கும்.

இந்த அமைப்பிலுள்ள வன்தட்டில் ஏறமாட்டேன் என்றது பழைய விண்டோஸ். முழுத்தட்டையும் அழித்தால்தான் வழி. வழக்கமாக எல்லோரும் கோப்புகளை வைக்கும் இரண்டாம் பகுதியில் இருந்ததையெல்லாம் படியெடுத்துவிட்டு அழித்தேன். அண்ணையோ, செத்துப்போன ஒரு மனுசியின் கல்வெட்டை முதல் பகுதியில், டெஸ்க்ரொப்பில் வைத்திருந்தார். முப்பத்தோராம் நாள் நாளைக்கழித்து. மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். ஒரு பூமாலைப் படம் மட்டும் வந்தது.

அண்ணை வந்து விஷயம் கேட்டு, கதிரையில் தொப்பென்று இருந்தார். நான் பூமாலைப் படத்தை மூடினேன். பிரதீபன் பக்கத்தில் குந்தி, "அண்ணை, உந்தக் கல்வெட்டை ஆருக்கும் பாக்க அனுப்பினனீங்களோ?" என்று கேட்டான். "ஓம், பிழை பாக்கச் சொல்லிக் கனடாவிலை இருக்கிற அந்த மனுசியின்ரை மகளுக்கு முழுப் பக்கமும் வைபரிலை அனுப்பினனான்" என்றார் அவர். அவருடைய தொலைபேசியிலேயே எல்லாம் இருந்தது, அப்படியே அச்சடிக்கலாம். ஒரேயொரு கேள்வி. நன்றியை விட எரிச்சல்தான் எனக்கு முதலில் வந்தது. அண்ணை எழும்பி, முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"செத்த மனுசியை ரண்டாந்தரமும் சாக்காட்டப் பாத்தியள் பிள்ளை. தம்பி இருந்தபடியாத் தப்பினா."

அட்டையில் யார் பெயர்

பின்னேரம் முதலாளி அட்டையோடு வந்தார். அதில் இருந்தது பிரதீபனின் கையெழுத்து, கணினியைப் பொறுப்பெடுத்தவன் அவன். "உந்தக் கல்வெட்டை ஆர் அழிச்சது?" என்றார். பிரதீபன் என்னைப் பார்க்கவில்லை, வாயும் திறக்கவில்லை. இன்னும் இரண்டு விநாடி நானும் பேசாமல் இருந்தால் அச்சுவேலி எனக்கு. பேசாமல் இருப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. ஆனால் அவன் தலை குனிந்து நின்ற அழகைப் பார்க்க முடியவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காத நல்லவன் என்ற பெயரும் அவனுக்கே போகப்போகிறதே என்று நெஞ்சு பற்றி எரிந்தது.

"நான்தான் அழிச்சனான்." வாசலில் நின்ற ஆளும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். முதலாளி அட்டையை மேசையில் வைத்தார். பிறகு அச்சுவேலிக்குப் பிரதீபன் போகட்டும் என்றார். என் முகம் மாறியதைக் கண்டிருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார்.

"அங்கை ஆக்களோடை கதைக்கோணும் பிள்ளை. நீர் என்னோடை கதைக்கவே ரண்டு வருசம் எடுத்தனீர்."

அச்சுவேலிக் கடை அவனுக்குப் போனதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று ஒருவரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன், அதைச் சொல்ல மட்டும் எனக்குக் கூச்சம் வருவதேயில்லை.