அக்கா செய்த கைக்கணினி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்கள் அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், காரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைப் பார்த்து வயிறு எரிந்தவன். அந்தத் துண்டு இப்போதும் திருப்பதியில் என் மேஜைமேல்தான் கிடக்கிறது. மேலே மங்கிய பச்சைப் பெயின்ட், பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய குமிழ், ஆட்டோ சீட் ரெக்ஸினில் தைத்த வார், நடுவில் செத்துப்போன ஏதோ ஒரு செல்போனின் திரை.

செய்தவர் அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல. சித்தூரிலிருந்து வந்து திருப்பதியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த சீனியர். தினமும் புத்தூரிலிருந்து ரயிலில் வருவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘சித்தூரு’ என்பார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு வீடியோ கேம். குண்டு விழுந்து உலகமே எரிந்து முடிந்த பிறகு, பூமிக்கடியில் பதுங்கியிருந்தவர்கள் மேலே வந்து அலைகிற கதை. அதில் வருகிறவர்கள் முன்கையில் ஒரு தடித்த கணினியைக் கட்டியிருப்பார்கள். போகிற வழி, மிச்சமிருக்கும் தோட்டா, உடைந்த எலும்பு எல்லாவற்றையும் அது பச்சை எழுத்தில் காட்டும். எந்தப் பாகத்தில் அதன் குமிழ் எங்கே இருந்தது, எதில் திரை பெரிதானது என்று அக்காவுக்கு அத்தனையும் மனப்பாடம். ஒவ்வொரு பாகத்தையும் நேர்மையாக ஆடி முடித்தவர் அவர். நான் இணையத்தில் குறுக்கு வழி தேடி, தோட்டா தீராமல் செய்துகொண்டு முடித்தவன். என் குணம் உங்களுக்கு இந்நேரம் பிடிபட்டிருக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், போர்டு சூடாக்குகிற வெப்பக்காற்றுக் குழலால் அந்தக் குழாயை இளக்கி, ஈரத்துண்டு சுற்றிய தன் கையின்மேலேயே வைத்து அழுத்தி வடிவம் எடுத்தார். இரண்டு மாதத்தில் கணினி தயார். புத்தூர் ரயில் எத்தனை மணிக்கு, எத்தனை போன் ரிப்பேருக்குக் காத்திருக்கிறது, எல்லாம் பச்சை எழுத்தில். மூலையில் ஒரு குட்டி பொம்மை. மணி ஒன்று ஆனால் பசியில் தலையைத் தொங்கப்போடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கடையே சோறு தின்னப் போகும். எதிர் மேஜையிலிருந்து எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகப் பார்த்தே பொருமிக்கொண்டிருந்தேன். போட்டிக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். நான் இடக்கைக்காரன், வாட்ச் கட்டுவது வலது கையில். அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பார்த்தேன். வருகிறவர்கள் என் கையைத் தாண்டி அக்கா கையைத்தான் பார்த்தார்கள்.

அப்புறம் அந்த நாள். கணினிக்குப் பேட்டரி மாற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அக்கா வங்கிக்குப் போயிருந்தார். யாரோ சொன்னதைக் கேட்டு, உள்ளூர் கேபிள் சேனல்காரர் கேமராவோடு வந்து நின்றார். “எவரு சேசாரண்டி இதி?” என்றார். யார் செய்தது என்று கேட்கிறார், அவ்வளவுதான். பதில் ஒரே ஒரு சொல். என் வாய் இரண்டு சொற்களாகச் சொன்னது: “நேனே சேசானு.” நான்தான் செய்தேன். சொன்ன கையோடு எடுத்து மாட்டியும் கொண்டேன். திரை எனக்குத் தலைகீழாக இருந்தது. பழகிப்போன காட்சிதானே, சந்தேகமே வரவில்லை. சேனல்காரர்தான் எழுத்து ஏன் கவிழ்ந்திருக்கிறது என்று கேட்டார். எதிரில் நிற்பவர் வசதியாகப் படிக்கட்டும் என்றுதான் அப்படி வடிவமைத்தேன் என்று விளக்கினேன். குமிழ் கைக்கு எட்டவில்லை, அடுத்த மாடலில் சரிசெய்துவிடுவேன் என்றும் வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் அக்கா பையை மேஜையில் வைத்தார்.

“இன்னா சித்தூரு, நீதான் செஞ்சியாமே? ரயில் பெட்டி மொத்தம் போன்ல உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு வந்துது.”

“சும்மா தமாசுக்குக்கா…”

“தமாசுதான? ஞாயித்துக்கெழம காணிப்பாக்கம் போலாம் வா. கொளத்துல முழுகிட்டு, சாமி முன்னால நான்தான் செஞ்சேன்னு சொல்லு. அங்க சொல்லிட்டன்னா நானும் நம்பிக்கிறேன்.”

நான் சித்தூர்க்காரன். எங்கள் பக்கம் ஆடு திருடியவன் போலீஸ் ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டே பொய் சொல்வான். காணிப்பாக்கத்துக்கு வா, பிள்ளையார் முன்னால் பிரமாணம் பண்ணு என்றால் வழியிலேயே ஆட்டை அவிழ்த்துக் கொடுத்துவிடுவான்.

“குளத்துத் தண்ணி எனக்கு ஒத்துக்காதுக்கா, சளி புடிக்கும்.”

அக்கா சிரிக்கவில்லை. நான் சொன்னதற்கு அவர் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அந்த மாதக் கடைசியில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனார். போகும்போது கணினியைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். “வெச்சிக்கோ. நீ செஞ்சதுதான?”

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சித்தூருக்குப் போகும்போதெல்லாம் காணிப்பாக்கம் பிரிவு வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். அக்கா இப்போது கையில் கட்டுகிற கருவிகளை வடிவமைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேட்ட அன்று இரண்டு இட்லி குறைவாகத்தான் இறங்கியது. கடை இப்போது என்னுடையது. எதிர் மேஜை காலி. வயிறு மட்டும் பழையபடியே எரிகிறது.

போன வாரம் போன் கண்ணாடி மாற்ற வந்த கல்லூரிப் பெண் அந்தக் குழாயைப் பார்த்ததும் துள்ளினாள். அவளும் அந்தக் கேம் ஆடுகிறவளாம். “அண்ணா, மீரே சேசாரா?” நீங்களே செய்ததா என்கிறாள். இத்தனை வருடம் கழித்தும் ‘ஆமாம்’ என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இது திருந்தாது என்று எனக்கே தெரிந்துபோயிற்று. “புத்தூர் அக்கா ஒருத்தர் செஞ்சது” என்றேன். ஷட்டரை இறக்கினேன். புது பேட்டரி போட்டு, குழாயைப் பையில் வைத்துக்கொண்டு காணிப்பாக்கம் பஸ் ஏறினேன்.

குளத்தில் மூன்று முழுக்கு. ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று, செய்தது அக்கா, பொய் சொன்னது நான் என்று வாய்விட்டுச் சொன்னேன். வெளியே வந்து, வாட்ச் கட்டுகிற கையில் கணினியை மாட்டிக்கொண்டேன். மணி ஒன்று தாண்டியிருந்தது. பொம்மை தலையைத் தொங்கப்போட்டிருந்தது. தேங்காய்க் கடைக்காரரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். படத்தோடு ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதினேன். அந்தப் பேட்டி, என் பொறாமை, சளி பிடிக்கும் என்று சொன்ன பொய், ஒன்று விடவில்லை. அக்காவின் எண்ணுக்கு அனுப்பிவிட்டு, தலையில் நீர் சொட்டச் சொட்டப் போன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். படித்துவிட்டார் என்று நீலக் கோடுகள் விழுந்தன. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

“அத எடது கைல போடணும்டா சித்தூரு.”