சாயா குடித்த கை

போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. வலது கையில் மாவுக்கட்டு, கழுத்தோடு சேர்த்துக் கட்டிய துணி, தலை குனிந்த ஒரு ஆள். என் தாலிச் செயினை அறுத்தவன்! கீழே வரிசையாகக் கைதட்டல்கள். நானும் ஒன்று தட்டிவிட்டு மீன் கழுவப் போனேன்.

பாதி மீன் கழுவும்போதுதான் உறைத்தது. வலது கையா?

அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வடசேரிச் சந்தைக்குப் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் பைக்கில் வந்தவன் செயினை இழுத்தான். கழுத்து தீப்பட்டதுபோல் எரிந்தது. கத்தினேன். ரோட்டில் தோண்டிப் போட்டிருந்த மண்ணில் அவன் பைக் சறுக்கியது. எழுந்து ஓடப் பார்த்தவனை நாலு பேர் அமுக்கிவிட்டார்கள்.

நான் ஓடிப்போய் என்ன செய்தேன் என்கிறீர்கள்? பளார் என்று ஒன்று விட்டேன். இந்தப் பக்கத்தில் வாராவாரம் உங்களுக்குப் பொறுமையைப் பற்றி எழுதுகிற அதே நான்தான்...

அவன் வலது கையை விரித்துச் செயினை நீட்டினான். "பிடிச்சுக்கிடுங்க அக்கா. பெயின்ட் அடிக்கிற சோலியாக்கும் எனக்கு. ரெண்டு மாசமா வேலை இல்ல."

முப்பது வயது இருக்கும். வெடவெடவென்று நடுங்கினான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு — வந்தவன் கள்ளனே ஆனாலும் சாயா கொடுக்காமல் அனுப்பத் தெரியாது. பக்கத்துக் கடையில் நானே பால் விடாத கட்டஞ்சாயா சொன்னேன். வலது கையில் கிளாஸைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தான். கடைக்காரர் ஒரு ரசவடையும் கொடுத்தார். அதையும் அதே கையால்தான் தின்றான். போலீஸ் ஜீப் வந்ததும் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினான்.

பைக்கிலிருந்து விழுந்ததில் கை ஒடிந்தது என்று போட்டோவின் கீழே எழுதியிருந்தது. விழுந்த பிறகுதானே சாயா குடித்தான்?

மறுநாள் காலை, மணவாளக்குறிச்சியிலிருந்து மீன் கொண்டுவரும் மேரியிடம் விஷயத்தைச் சொன்னேன். கூடையை இறக்கக்கூட இல்லை. "அவனுக்கு நல்லா வேணும் அக்கா. உங்களுக்க கழுத்து அறுந்திருந்தா யாரு கேட்பா?" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தலையணையில் உரசினால் கழுத்து இன்னும் எரிகிறதே!

சனிக்கிழமை ஓர் இளம் வக்கீலம்மா வீடு தேடி வந்தார். இலவச சட்ட உதவியில் அவனுக்காக ஆஜராகிறவர். ஒரே கேள்விதான். பிடித்துக் கொடுக்கும்போது அவன் கை நன்றாக இருந்ததா? இருந்தது என்றால் எழுதித் தர முடியுமா?

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. செயினைப் பறிகொடுத்தவள் நான். கள்ளனுக்கு நானே சாட்சியா? அவர் கோபப்படவில்லை. செயின் பறிப்புக்குச் சட்டத்தில் ஜெயில் உண்டு, கையை ஒடிக்க எந்தப் பிரிவிலும் இடமில்லை என்றார். கொடூரமான தண்டனை கூடாது என்று நம் அரசியல் சட்டத்தில் நேரடியாக ஒரு வரி கிடையாதாம். சட்டம் சொன்ன முறையில் அல்லாமல் ஒருவருடைய உயிரிலும் சுதந்திரத்திலும் கைவைக்கக் கூடாது என்கிறது இருபத்தொன்றாம் பிரிவு. கொடுமை கூடாது என்பதும் அதற்குள் அடக்கம் என்று நீதிமன்றங்கள் சொல்லி வைத்திருக்கின்றனவாம்.

"ஜட்ஜே நினைச்சாலும் கைய ஒடின்னு தீர்ப்பு எழுத முடியாது மேடம்" என்றார்.

ஜட்ஜுக்கே இல்லாத அதிகாரத்துக்கா நான் கைதட்டினேன்? ஆனால்... இப்படி நாலு கை ஒடிந்தால்தான் நாம் நிம்மதியாக ரோட்டில் நடக்க முடியும் என்று மனதின் இன்னொரு பாதி சொல்கிறதே, அதை என்ன செய்வது? இரண்டு பாதியும் என்னுடையதுதான். பொய் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் குழப்பமே இல்லை. சாட்சிப் பொருளாகப் போலீஸ் வாங்கிப்போன செயின் இப்போது கோர்ட்டில் இருக்கிறது. மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஸ்டேஷனைப் பகைத்துக்கொண்டால் அது கைக்கு வந்த மாதிரிதான் என்றார். இருபத்திரண்டு வருஷம் கழுத்தில் கிடந்த செயின். அன்று முழுக்கப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். செயினை அறுத்தது இவன்தான். பிடிபட்டபோது வலது கை நன்றாக இருந்தது. அதே கையால் சாயா குடித்தான். கடைசி வரியாக, நான் அவனை ஓர் அறை அறைந்தேன் என்றும் எழுதினேன். அதை வாங்க வந்த வக்கீலம்மா அந்த வரி வேண்டாம், உங்களுக்குத்தான் வம்பு என்றார். அடிக்கவும் எந்தப் பிரிவிலும் இடமில்லை அல்லவா? இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நான் எடுத்து வைத்திருந்த நகலை வீட்டுக்காரர் இரண்டு தடவை வாசித்தார். "ஏட்டி, நீ யாருக்க பக்கமாக்கும்?"

எனக்கே தெரியவில்லை. அறுத்த கையில் மாவுக்கட்டு. அறைந்த கை... இதோ, உங்களுக்குப் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறது.