விலா வழியா, வயிற்று வழியா?

நோயாளிக்குத் துணைக்கு இருப்பதும் ஒரு வேலைதான். அனுபவித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எனக்கு அது ஒரு சத்தத்தில் தொடங்கியது. சோறு தின்னும்போது தண்ணீர் குடித்த என் வீட்டுக்காரரின் நெஞ்சுக்குள், இறங்க வழியில்லாமல் நீர் கொப்பளித்த சத்தம். உணவுக்குழாயில் புற்று என்றார்கள். இன்னும் பரவவில்லை, அறுத்து எடுத்தால் பிழைப்பார் என்றும் சொன்னார்கள்.

கேமராக்காரர்

மதுரை டாக்டர் விலா இடுக்கில் சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு எடுப்பவர். புற்று பரவக்கூடிய நெறிகட்டிகளையும் வழித்தெடுத்துவிடலாம், ஒரு பக்க நுரையீரலை மட்டும் அறுத்து முடிக்கும்வரை சுருக்கி வைக்கவேண்டும் என்றார். நெஞ்சைத் தொடாமல் வயிறு, கழுத்து வழியாக எடுப்பவர்களும் உண்டாமே என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

“அது கண்ணைக் கட்டிக்கிட்டுத் துழாவுற வேலைம்மா.”

வயிற்று வழிக்காரர்

திருநெல்வேலி டாக்டர் அந்தத் துழாவுகிறவர். இருமல் உண்டா என்று கேட்டார், உண்டு என்றோம். அப்படியானால் நெஞ்சுப் பக்கமே போகக்கூடாது, சளி கட்டிக்கொள்ளும் என்றார். மதுரைக்காரரைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். இரண்டு பேருக்கும் தங்கள் துளைதான் உலகம். திரும்பும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் சொன்னார்:

“மாடு வாங்கப் போனாக்கூட பல்லைப் பிடிச்சுப் பாப்போம் ஏட்டி. இவிய என் நெஞ்சுல குழாயை வச்சுக் கேக்காமலே சண்டை போடுதாவ.”

ரோபோ

தண்ணீரே இறங்காத மனிதருக்குக் காராச்சேவு பொட்டலத்தோடு வந்தான் கொழுந்தன் சீனிச்சாமி. செல்போனில் ரோபோ அறுப்பதைக் காட்டினான். மூன்று வாரம் அதற்கு அலைந்தோம். ரோபோவும் அதே துளை வழியாகத்தான் போகிறது, ஓட்டுவது டாக்டர்தான் என்று விசாரித்துச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பெறவு என்னத்துக்கு மதினி அதுக்கு அம்புட்டு பெரிய மெஷினு?”

விதைப்பு

கடைசியில் ஒரு டாக்டர் இவரை ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதித்தார். தாங்கும், எந்த வழியானாலும் சரி, உடனே வாருங்கள் என்றார். அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் கரிசலில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் உளுந்தை விதைத்துவிட வேண்டும். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன். இவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“விதையப் போட்டுட்டு வாரேன். அதுக்குள்ள கட்டி எங்க ஓடிரப் போவுது?”

விதைத்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது ஈரலுக்கு ஓடியிருந்தது; விலாவிலும் வயிற்றிலும் யாரும் ஒரு துளைகூடப் போடாமல், என் வீட்டுக்காரர் மாசியில் இறந்துபோனார்.