மலை எந்தக் கைப் பக்கம்

முட்டாள்தனத்தில் எனக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனாலும் திருவண்ணாமலையில் பிறந்து, முப்பத்து நான்கு வருடமாக அந்த மலையைப் பார்த்தே பல் துலக்கியவன், அதைத் தப்பான திசையில் ஒருத்தியைச் சுற்றவைத்தது தனி ரகம். அதுவும் சொந்த அக்காவை. கம்ப்யூட்டர் திரையில் அவள் பதினாறு பிக்சல் கட்டம் உயரம். பச்சைப் புடவை, கொண்டை, செருப்பில்லாத கால்களுக்கு இரண்டு பழுப்புக் கட்டங்கள், இடது கையில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம். டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்ததும் அந்த இடத்தில் போடுகிற கட்டு அது.

இணையத்தில் கேம் ஜாம் என்று ஒன்று நடத்துவார்கள். வெள்ளிக்கிழமை தலைப்பு கொடுப்பார்கள், ஞாயிறு மாலைக்குள் ஒரு சின்ன விளையாட்டு செய்து அனுப்ப வேண்டும். செங்கம் ரோட்டு விடுதிகளுக்கு வெப்சைட் செய்து பிழைத்துக்கொண்டிருந்த நான், என்னைப் பெரிய மேதை என்று நம்பி அதில் பெயர் கொடுத்தேன். ‘ஒரு சுற்று’ என்பது தலைப்பு. இந்த ஊர்க்காரனுக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? கிரிவலம். எட்டு லிங்கம், வழியில் வாழைப்பழம் பிடுங்கும் குரங்குகள். எனக்குப் படம் வரைய வராது. நான் போட்ட நந்தியைப் பார்த்தவர்கள் சோபா என்றார்கள். அக்காவிடம் போனேன்.

அவள் பிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தவள். வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான முகங்களை எட்டடிக்கு இழுத்து, காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் தெளிவாக்கிக் கொடுத்தவள். “ஊருல எல்லாரும் கட்டம் தெரியாம பண்ணுன்னு கேப்பாங்க. நீ ஒருத்தன்தாண்டா கட்டம் தெரியணும்னு வந்து நிக்கிற” என்றாள். அப்போது கிட்னி போய் ஒன்றரை வருடம். மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு மலை சுற்றியவளுக்குத் தெருமுனைக் கடைக்குப் போனாலே மூச்சு வாங்கியது. “ஒரு சுத்து போயிட்டு வந்துட்டா போதும்” என்று எப்போதும் சொல்வாள்.

சனிக்கிழமை டயாலிசிஸ் படுக்கையில்தான் வரைந்தாள். இடது கையில் ரத்தம் போய் வந்துகொண்டிருக்க, வயிற்றில் செல்போனைச் சாய்த்துவைத்து வலது கட்டைவிரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டாள். கையை அசைக்காதீங்க என்று நர்ஸ் இரண்டு தடவை அதட்டினார். நான்கு மணி நேரத்தில் மலை, லிங்கங்கள், குரங்கு, கடைசியில் அவள். “பக்தைன்னு ஒருத்தி வேணும்ல. நானே போறேன்” என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், அவளுக்கும் அவள் கணவரான மாமாவுக்கும் காட்டினேன். பதினாறு கட்டத்து அக்கா குடுகுடுவென்று திரையின் வலது பக்கமாக நடந்தாள். பின்னால் மலை. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இன்னாடா இது, மலை அவளுக்கு இடது கைப் பக்கம் வருது?”

“எல்லா கேமும் வலது பக்கமாத்தான்கா ஓடும். ஜப்பான்காரன்லாம் மலை சுத்தப்போறானா?”

“அவன் எப்படி வேணா ஓடட்டும். இதுல போறது நானு. இடப்பக்கமா சுத்துறது சுடுகாட்டுலடா.”

மலையை வலது கையில் வைத்துச் சுற்ற வேண்டும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அவளும் சரியாகத்தான் வரைந்திருந்தாள், திரையின் இடது பக்கம் பார்த்த முகத்தோடு. நான்தான் ஒரு வரி புரோகிராம் எழுதி அவளைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிவிட்டிருந்தேன். அனுப்ப மூன்று மணி நேரம் இருந்தது. எதையாவது தொட்டால் எல்லாம் உடைந்துவிடும் என்று பயம். “அனுப்பிட்டு மாத்திடுறேன்” என்றேன். மற்றவர்கள் விளையாடிப் பார்த்து ஓட்டுப்போடும் வாரங்களில் மாற்றக் கூடாது என்பது விதி; அது நல்ல சாக்காக அமைந்தது. முடிவு வந்தபோது கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுகிற இடத்தில் இருந்தேன். அந்த வெட்கத்தில் அந்த விளையாட்டின் ஃபைலையே திறக்கவில்லை. இரண்டு தடவை கேட்டாள். “உன்னை ஒரேயடியா பறக்கவிடுறேன், இரு” என்று ஜோக் அடித்தேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

அவளுக்கான கண்ணீர் அஞ்சலி பேனரில் முகம் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சுடுகாட்டில் மாமா தோளில் மண்குடத்தோடு நின்றார். “இடப்பக்கமா வாங்க” என்றார் வெட்டியான். மாமா நடந்தார். அக்கா அவருக்கு இடது கைப் பக்கம் இருந்தாள். ஓட்டைக் குடத்திலிருந்து தண்ணீர் கோடாகச் சிந்திக்கொண்டு வந்தது. நான் செய்த விளையாட்டை யாரோ பெரிய திரையில் ஓட்டிக் காட்டுவதுபோல் இருந்தது.

போன வாரம்தான் ஃபைலைத் திறந்தேன். என் வரியை அழித்து, லிங்கங்களின் வரிசையைத் திருப்பினேன். எட்டு மாதம் தள்ளிப்போட்ட வேலைக்கு இருபது நிமிடம் ஆனது. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பச்சைப் புடவை திரையின் இடது பக்கமாக நடந்தது, மலை அவளுக்கு வலது கைப் பக்கம். பழுப்புக் கால்கள் மாறி மாறி வந்தன. வெள்ளைக் கட்டம் இப்போது சரியான கையில் இருந்தது. எட்டு லிங்கமும் முடிந்து தொடங்கிய இடத்தில் அவள் கைகூப்பி நிற்கும் வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சரியா போறா இல்ல மாமா?” என்றேன்.

“அவ கேட்டது அன்னிக்கு” என்றார்.